முழு டிஜிட்டல் டிரான்ஸ்மிட்டர்: ஒரு எம்.இ. பிராஜெக்ட் அனுபவம்

தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.இ. படித்தபோது இந்தத் தலைப்பை எடுத்தேன்: ரேடியோ சிக்னலைக் கடைசிக் கட்டம்வரை 1, 0 ஆகவே உருவாக்கி அனுப்பும் டிரான்ஸ்மிட்டர். இதில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

என்னை இழுத்தது திறன் கணக்கு, அதாவது உள்ளே போகும் மின்சக்தியில் எவ்வளவு சிக்னலாக வெளியே வருகிறது என்பது. வைஃபை, 4ஜி எல்லாம் ஓஎஃப்டிஎம் சிக்னல், பல சிறு அலைகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்புவது. உச்சம் சராசரியைவிட 10 டெசிபெல், அதாவது சக்தியில் பத்து மடங்கு வரை எகிறும். அந்த உச்சம் நசுங்காமல் இருக்க ஆம்ப்ளிஃபயரைத் தணித்தே ஓட்ட வேண்டும். கிளாஸ் பி என்ற ஆம்ப்ளிஃபயர் வகையின் 78.5 சதவீதத் திறனெல்லாம் முழு வீச்சில்தான். 10 டெசிபெல் இறங்கினால் 25-க்கு வந்துவிடும். டோஹர்ட்டி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1936-லேயே இதோடு மல்லுக்கட்டினார். டிஜிட்டல் ஆட்கள் சொல்லும் வழி வேறு: டெல்டா-சிக்மா மாடுலேட்டரால் (ஒவ்வொரு பிட்டின் பிழையையும் அடுத்த பிட்டில் ஈடுகட்டும் சுற்று) சிக்னலை 1, 0 துடிப்புகளாக்கு, டிரான்சிஸ்டரை வெறும் சுவிட்சாக ஓட்டு, கடைசியில் பில்டரில் வடித்துக்கொள்.

கேரியர், அதாவது தகவலைச் சுமக்கும் அலை, 866 மெகாஹெர்ட்ஸ். அதன் நாலு மடங்கு வேகத்தில், நொடிக்கு 3.464 ஜிகாபிட்டில், எஃப்பிஜிஏவின் (நாமே உள்சுற்றை அமைத்துக்கொள்ளும் சிப்) சீரியல் டிரான்சிவர், அதாவது அதிவேக பிட் வாசல், துடிப்புகளைத் துப்பும். நாலு மடங்கு என்பதால் சிக்னலைக் கேரியருக்கு ஏற்றும் மிக்சரே வேண்டாம்: சிக்னலின் இரு கூறுகளான ஐ, க்யூ இரண்டையும் ஐ, க்யூ, மைனஸ் ஐ, மைனஸ் க்யூ என்று மாற்றி மாற்றி அடுக்கினால் போதும். ஆனால் ஐ-யும் க்யூ-வும் அரை சாம்பிள் தள்ளி நிற்கும். அதைச் சரிக்கட்டாவிட்டால் கேரியருக்கு மறுபக்கம் ஒரு பிம்பம் எட்டிப் பார்க்கும்.

அதிக நாள் தின்றது வேகம்தான். உள்ளே கிளாக் 108.25 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு கிளாக்குக்கும் 32 பிட் கொடுக்க வேண்டும். டெல்டா-சிக்மாவிலோ முந்தைய பிட் தெரியாமல் அடுத்த பிட் வராது. கடைசியில் சிக்னலை நீளத் துண்டுகளாக மெமரியில் பிரித்து, துண்டுக்கு ஒரு ஜோடி மாடுலேட்டர் (ஐ-க்கு ஒன்று, க்யூ-வுக்கு ஒன்று) என்று 16 ஜோடியை ஒரே நேரத்தில் ஓட்டி, பிறகு வரிசைப்படுத்தினோம். துண்டுகள் சேரும் இடத்தில் கொஞ்சம் இரைச்சல் ஏறும். துண்டை நீட்டினால் அடங்கும், மெமரிதான் கரையும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சிந்தசிஸ் (கோடைச் சிப்பின் சுற்றாக மாற்றும் வேலை) போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய் வரலாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கெப்பாசிட்டர் தஞ்சாவூரிலேயே கிடைக்கும். கேபிள் மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டருக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சொல்லி பார்சலில் வரவழைத்தோம்.

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 20 மெகாஹெர்ட்ஸ் அகல சிக்னல் அழகாக எழுந்து நின்றது. வழிகாட்டி சார் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "சரிப்பா, மீதி பவரெல்லாம் எங்க போவுது?"

அதுதான் விஷயம். இரண்டே மட்டம் உள்ள துடிப்பு வரிசையின் மொத்த சக்தி மாறவே மாறாது. சிக்னலின் உச்சமே அதில் 81 சதவீதத்தைத் தாண்டாது. சராசரி அந்த உச்சத்தில் பத்தில் ஒன்று. ஆக நமக்கு வேண்டிய அதிர்வெண் பட்டைக்குள் விழுவது அதிகபட்சம் 8 சதவீதம் அளவுதான் (இதற்குப் பெயர் கோடிங் திறன்), மற்றதெல்லாம் பட்டைக்கு வெளியே தள்ளிய இரைச்சல். பில்டர் அதைத் திருப்பி அனுப்பினாலும், அதற்காகவும் சுவிட்ச் மாறிக்கொண்டேதானே இருக்கிறது, அந்த இழப்பு நம் தலையில்தான். 'சுவிட்ச் என்றால் 100 சதவீதம்' என்று ஆரம்பிக்கும் கட்டுரைகளைப் படித்தால், முதலில் இந்தக் கோடிங் திறன் எண்ணைத் தேடுங்கள்.

உச்சத்தை 3 டெசிபெல் வெட்டினோம். கோடிங் திறன் இரட்டிப்பானது, சிக்னல் தரம் சற்றே குறைந்தது. அடுத்த பேட்ச் பையன் இரண்டு டிரான்சிவரைச் சேர்த்து மூன்று மட்டமாக்குகிறான். பூஜ்ய மட்டத்தில் துடிப்பில் சக்தி இருக்காது.

ஆன்டெனா மாட்ட வேண்டாம். 866 பக்கம் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பட்டையே சில மெகாஹெர்ட்ஸ்தான், 20 அதில் அடங்காது. கேபிள், சிக்னலைத் தணிக்கும் அட்டெனுவேட்டர், அனலைசர், அவ்வளவுதான்.