அம்மாவை எப்படி மேற்கோள் காட்டுவது?

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அவர்களில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பள்ளியில் நோட்ஸை வரி பிசகாமல் ஒப்பித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் பாராட்டப்பட்ட அதே பழக்கம் கல்லூரிக்குள் நுழைந்ததும் எப்படித் திருட்டாயிற்று என்பது அவர்களுக்கு விளங்குவதில்லை. அந்தக் குழப்பத்தில் நியாயம் உண்டு என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். தொடக்கத்தில் சுழியம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

சென்ற பருவத்தில், ஆலங்குளத்துப் பக்கமிருந்து வரும் மாணவி ஒருவர் (தென்காசி தனி மாவட்டமாகிவிட்டாலும் எங்களுக்கு அது நெல்லைச் சீமைதான்) பீடித் தொழிலாளர் நிலை குறித்துப் பத்துப் பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். அத்தனையும் இணையத்தில் எடுத்தவை. பீடி சுற்றுவதை நேரில் பார்த்ததுண்டா என்று கேட்டேன். "எங்க அம்மா சுத்துதாவ சார்" என்றார். பத்துப் பக்கத்தில் ஒரு வரியிலும் அந்த அம்மா இல்லை.

எழுதியதை மூடி வைத்துவிட்டுப் பேசச் சொன்னேன். கடையில் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பதையும், இலையை நனைத்து அளவாக வெட்டி, சுளகை மடியில் வைத்துச் சுற்றி நூல் கட்டுவதையும், கொண்டுபோய்க் கொடுக்கும்போது சரியில்லை என்று சிலவற்றைக் கழித்துவிடுவதையும், மோசமான இலை வந்துவிட்டால் குறைகிற இலையை அம்மா தன் காசில் வாங்கிச் சேர்ப்பதையும் தடையின்றிச் சொன்னார். அவரிடம் செய்தி இல்லாமல் இல்லை. தனக்குத் தெரிந்தது கட்டுரைக்குரிய அறிவு என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வாரம் 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்திலிருந்து ஒரே ஒரு பத்தியை, தொழிலாளர் என்பவர் யார் என்று வரையறுக்கும் பத்தியை, ஆங்கிலத்திலேயே கொடுத்தேன். ஒரு மணி நேரம் அந்தப் பத்தி மட்டுமே பாடம். ஒவ்வொரு தொடரையும் படித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் தமிழில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி. முதலாளியோ ஒப்பந்தக்காரரோ கொடுக்கும் மூலப்பொருளைக் கொண்டு வீட்டிலிருந்தே பீடி செய்பவரும் தொழிலாளரே என்னும் பொருள்படும் இடத்தில் அந்த மாணவி நின்றுவிட்டார். "அப்போ அம்மா காசு குடுத்து வாங்குத இலை யாரு குடுத்த மூலப்பொருள் சார்?" என்று கேட்டார். பல ஆண்டுகள் கட்டுரை திருத்தியும் அப்படியொரு கேள்வியை எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை.

அதன்பிறகுதான் நன்னூலை எடுத்தேன். கட்டுரை அமைப்பைக் கற்பிக்கும் வெளிநாட்டுக் கையேடுகளையும் முன்பு பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் வீட்டில் செய்தித்தாளும் புத்தக அலமாரியும் பார்த்து வளர்ந்த பிள்ளையை மனத்தில் வைத்தே அவை எழுதப்பட்டிருக்கின்றன. அதன் ஆசிரியர் பவணந்தியார் பாயிரத்தில் வகுத்த எழுவகை மதம், அதாவது நூல் எழுதுபவர் பிறர் கருத்தையும் தன் கருத்தையும் கையாளும் ஏழு வகை, எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. பிறர் கருத்தை உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பின்பு களையலாம், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணியலாம் என்று அவர் அடுக்குகிறார். டீக்கடையில் நாள்தோறும் நடக்கிற வாதம்தானே இது! எழுத்தில் கூடுதலாக வேண்டியது, எந்தக் கருத்து யாருடையது என்று பிரித்துக் காட்டுவது. நூலுக்கு ஆகாதவை என்று நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்', 'மற்றொன்று விரித்தல்' (சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது) ஆகிய இரண்டை மட்டும் தாள் ஓரத்தில் குறித்துக் கொடுத்தேன். பத்துப் பக்கம் நான்காகச் சுருங்கிற்று.

இறுதி வடிவத்தைக் கொண்டுவந்தபோது, அம்மா சொன்னதை மேற்கோளாகக் காட்டலாமா, அதற்கு அடிக்குறிப்பு எப்படி எழுதுவது என்று கேட்டார். நேர்காணல் என்று குறிப்பிட்டு, பெயர், ஊர், தேதி எழுதச் சொன்னேன். மறுநாள் வந்து, பெயர் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டதாகவும், கடைக்காரர் கண்ணில் பட்டால் நாளைக்கு இலை தரமாட்டார் என்று அஞ்சுவதாகவும் தெரிவித்தார். ஆய்வில் பெயர் மறைப்பதற்கும் முறை உண்டு என்று விளக்கினேன். அடிக்குறிப்பில் இப்போது "பீடி சுற்றும் பெண், ஆலங்குளம் வட்டம், நேர்காணல்" என்று மட்டும் இருக்கிறது.