ஐந்து எண்முகி, இரண்டு மூடி: கொழும்பு ஈரத்தில் பளிங்கு வளர்த்த கதை

இறுதியாண்டு ஆய்வுக்கு மிஸ் எனக்குத் தந்தது ஒரு மொலிப்டேற்று-பொசுபேற்றுக் கொத்து: ஐந்து மொலிப்தன அணுக்களும் இரண்டு பொசுபரசும் ஒட்சிசனால் கோர்த்துக்கொண்ட ஒரு பெரிய அயன். அதைப் பளிங்காக வளர்க்க வேண்டும். செய்முறை நாலு வரிக்குள் அடங்கிவிடும். அமோனியம் மொலிப்டேற்று 8.8 கிராம், 85 சதவீத பொசுபோரிக் அமிலம் 1.4 மில்லிலீற்றர், நீர் 100 மில்லிலீற்றர். மொலிப்தனமும் பொசுபரசும் 5:2 என்று வந்தால் சரி. "ரெண்டு கிழமையில முடிச்சிடுவன் மிஸ்" என்று வாயைக் கொடுத்தேன். நான்கு மாதம் எடுத்தது.

முதல் தடவை பிஎச் தாளை நம்பி நைத்திரிக்கமிலத்தைத் தாராளமாக ஊற்றிவிட்டேன். பீக்கர் முழுக்க மஞ்சள். ஏ/எல் காலத்தில் பொசுபேற்று இருக்கிறதா என்று பார்க்கச் செய்த அதே மஞ்சள் வீழ்படிவு! அமிலம் கூடினால் 12 மொலிப்தனங்கள் ஒரேயொரு பொசுபேற்றை நடுவில் வைத்துக் கூடு கட்டிவிடும். அந்த வகைக் கூட்டின் அமைப்பை 1933இலேயே எக்ஸ் கதிரால் கண்டவர் கெக்கின் என்ற விஞ்ஞானி. எனக்கு வேண்டியதோ வேறொன்று. அடுத்த தடவை பிஎச் மீற்றரைப் பிடித்துக்கொண்டு, அமோனியாவைத் துளித்துளியாக விட்டு 4க்கும் 5க்கும் இடையில் நிறுத்தினேன். கரைசல் நிறமில்லாமல் தெளிவாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

உண்மையான தொல்லை அதற்குப் பிறகுதான். மழைக்காலம். வெள்ளவத்தை அறையில் காயப்போட்ட துவாயே மூன்று நாளாக ஈரம். ஆய்வுகூடத்தில் பீக்கர் மட்டும் காயுமா? பத்து நாளாகியும் நீர்மட்டம் அசையவில்லை. பொறுமை போய், ஏசி போட்ட கருவி அறையில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டே நாளில் விளிம்போரமாக உப்புப் பொருக்கு, பளிங்கு என்று சொல்ல ஒன்றுமில்லை. மிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "அவசரக்காரருக்குப் பளிங்கு வளர்க்க ஏலாது தம்பி" என்றார். கடைசியில் பீக்கர் வாயைப் பராபிலிம் என்ற மெழுகுத் தாளால் மூடி, ஊசியால் ஐந்தாறு துளை போட்டு, ஈரம் உறிஞ்சக் கொஞ்சம் சிலிக்கா ஜெல்லோடு உலர்த்தி என்ற மூடிய பாத்திரத்துக்குள் வைத்தேன். ஒன்பதாம் நாள் கண்ணாடித் துண்டுகள் மாதிரி மின்னின.

சந்தோஷத்தில் அவற்றை வடித்து வெளியே காயவைத்தது என் அடுத்த முட்டாள்தனம். உள்ளேயிருந்த பளிங்கு நீர் போய் வெள்ளையாக மங்கிவிட்டன. மறுபடி வளர்த்து, இம்முறை எண்ணெய்க்குள் போட்டு, மிஸ்ஸின் நண்பர் ஒருவர் மூலம் இந்தியாவுக்கு அனுப்பினோம். பளிங்குக்குள் அணுக்கள் இருக்கும் ஒழுங்கைக் காட்டும் ஒற்றைப் பளிங்கு எக்ஸ் கதிர்க் கருவி எங்களிடம் இல்லை.

முடிவு வருமட்டும் சும்மா இருக்க முடியாமல், இதே கொத்துக்கு 1973இல் ஸ்ட்ராண்ட்பெர்க் என்ற விஞ்ஞானி எக்ஸ் கதிரால் கண்டறிந்த அமைப்பின் படத்தைப் பார்த்து மட்டையில் எண்முகிகள் மடித்தேன். எண்முகி என்றால் எட்டு முகமுள்ள உருவம்: நடுவில் ஒரு மொலிப்தனம், ஆறு மூலையிலும் ஒட்சிசன். ஐந்தையும் விளிம்போடு விளிம்பு ஒட்டினால் வளையம் மூடவே மாட்டேன் என்றது. படத்தை மறுபடி உற்றுப் பார்த்தபோதுதான் விளங்கியது: நான்கு இணைப்புகள் விளிம்பில், ஐந்தாவது ஒரு மூலையில் மட்டும். வளையத்தின் மேலும் கீழும் ஒவ்வொரு பொசுபேற்று நான்முகி (நடுவில் பொசுபரசு, நான்கு மூலையிலும் ஒட்சிசன்), மூடி போல. ஒவ்வொன்றும் மூன்று ஒட்சிசனால் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, நான்காவதை வெளியே நீட்டி நிற்கும்.

ஆறு கிழமை கழித்து எங்கள் பளிங்கின் அமைப்புப் படம் இந்தியாவிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. அதிலும் அந்த ஒற்றை மூலை அப்படியே இருந்தது. அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா நாலு மாசம்?" என்று கேட்டுவிட்டு, மட்டை மாதிரியைத் தூக்கி அலுமாரி மேல் வைத்தார்.