சுங்கை சிப்புட் ஈரத்தில் பழைய மேட்ச்பாக்ஸ் காடிகளை மீட்பது

பழைய பொம்மைக் காடியின் (காரின்) சாயத்தை உரித்துப் புதுச் சாயம் அடிக்க வழி சொல்லும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றி, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் காலை எட்டு மணிக்கு ஸ்பிரே டின்னைத் தூக்கினால், பச்சை லேண்ட் ரோவர் பால் ஊற்றியது போல வெளுத்துப்போகும். பலர் சாயத்தைக் குறை சொல்லி வேறு டின் வாங்குகிறார்கள். அதுவும் வெளுக்கும். நம் ஊருக்கு முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே பரணிலிருந்தும் பழைய சாமான் விரிப்பிலிருந்தும் கைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, லண்டனில் லெஸ்னி நிறுவனம் செய்த மேட்ச்பாக்ஸ். 1953இல் தொடங்கிய சிறு காடி வரிசை அது; அடித்தட்டில் லெஸ்னி பெயரும் இங்கிலாந்து பெயரும் இருக்கும். நிறுவனம் 1982இல் நொடித்தது. ரப்பர் தோட்டத்துத் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவர் அந்த வரிசையில் 12ஆம் எண், மோரிஸ் மைனர் 46ஆம் எண். இரண்டாவது வகை, அடியில் ‘மலேசியா’ என்று அச்சான ஹாட் வீல்ஸ். அதைச் செய்யும் மேட்டல் நிறுவனத்தின் தொழிற்சாலை பினாங்குப் பக்கம்தான் இருக்கிறது. ஹாட் வீல்ஸ் அடித்தட்டிலுள்ள ஆண்டைத் தயாரித்த ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வடிவமைப்பின் உரிமை ஆண்டு. அதே அச்சில் இருபது வருடம் கழித்து வார்த்த வண்டியிலும் அதே எண்தான் இருக்கும்.

முதலில் முடிவெடுக்க வேண்டியது, தொடலாமா வேண்டாமா என்பது. முக்கால்வாசிச் சாயம் நிற்கிற லெஸ்னி வண்டியை உரிக்கவே கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் இரண்டு துளி விட்டு, மென்மையான தூரிகையால் துடைத்து, உடனே உலர்த்தி வைத்தால் போதும். தொழிற்சாலைச் சாயம் ஒருமுறை போனால் போனதுதான். சேகரிப்போர் மதிப்பதும் அதைத்தான். சக்கரம் இல்லாதது, சாயம் பாதிக்கு மேல் போனது, யாரோ வீட்டு எனாமலைப் பூசிக் கெடுத்தது, இவைதான் நம் மேசைக்கு வர வேண்டியவை.

அடுத்து, உலோகம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வண்டிகள் ஸமாக் எனும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அதில் அலுமினியம் சுமார் 4 விழுக்காடு. வார்க்கும்போது ஈயம் கலந்துவிட்டால், பல வருடம் கழித்து உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஓடும். வறண்ட வயல் போல மெல்லிய வெடிப்பு, சாயத்துக்கு அடியில் கொப்புளம், வளைந்த உடல் என்பவை அதன் அடையாளம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி எனும் பிரிட்டிஷ் பொம்மை வண்டிகளில் இது அதிகம். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும் என்பதால் நம் ஊர் அதற்கு ஆகாத ஊர். மருந்து கிடையாது, பக்கத்து வண்டிக்குத் தொற்றவும் தொற்றாது. உரித்தால் கையிலேயே உதிரும், ஆகவே அப்படியே வைத்துவிடுங்கள்.

பிரிப்பது ரிவெட்டில், அதாவது உடலிலிருந்து இறங்கும் சிறு தூணின் நுனியை நசுக்கி அடித்தட்டைப் பூட்டிய இடத்தில், தொடங்குகிறது. ரிவெட்டின் நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு குழி போடுங்கள். குழி இல்லாமல் துளைத்தால் முனை வழுக்கி அடித்தட்டில் கோடு இழுக்கும். முதலில் 1.5 மி.மீ. பிட்டால் ஒரு மில்லிமீட்டர் ஆழம் மட்டும். பிறகு 3.5 அல்லது 4 மி.மீ. பிட்டால் குடை போல விரிந்த தலையை மட்டும் சீவி எடுக்க வேண்டும். தலை வளையமாகக் கழன்று வந்ததும் நிறுத்துங்கள். இன்னும் அரை மில்லிமீட்டர் போனால் தூண் குட்டையாகிவிடும். வேகம் குறைவாகவே இருக்கட்டும். துத்தநாகம் மிருதுவானது, சூடானால் துருவல் பிட்டில் அப்பிக்கொள்ளும். அடித்தட்டு பிளாஸ்டிக்காக இருந்தால் அந்தச் சூட்டிலேயே உருகும்.

திரும்பப் பூட்ட, தூணில் 1.6 மி.மீ. துளை, 5 மி.மீ. ஆழம். அதில் எம் 2 டேப்பால் (2 மி.மீ. மரை வெட்டும் கருவியால்) மரை வெட்டி, எம் 2 ஸ்க்ரூ போட்டுக்கொள்ளலாம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போக வேண்டும். பின்னே திருப்பாமல் முன்னேயே போனால் துருவல் அடைத்து டேப் உள்ளே முறியும், முறிந்த டேப்பை வெளியே எடுப்பது பெரும்பாடு. துளை நடுவில் இல்லாவிட்டால் தூண் பிளக்கும். சிலர் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். அடுத்து ஒருவர் திறக்க நேர்ந்தால் வண்டியை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும்.

கண்ணாடி, இருக்கை, பிளாஸ்டிக் சக்கரம் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் சாயம் உரிக்கும் வேலை. இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும் ஜெல் வகை பெயிண்ட் ரிமூவர் போதும். ஒரு சிறு காடிக்கு 20 மில்லியே அதிகம். கண்ணாடிப் போத்தலில் வண்டியைப் போட்டு, மேலே பூசி, மூடி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா கரைந்து மேசையெல்லாம் ஓடும். பத்து, பதினைந்து நிமிடத்தில் சாயம் சுருங்கி எழும்பும். பித்தளைத் தூரிகையால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, இன்னொரு முறை பூசுங்கள். வீட்டுக்கு வெளியே, தடித்த கையுறையோடு, காற்றின் மேல்பக்கம் நின்றுகொண்டு செய்ய வேண்டிய வேலை இது.

தோட்டப் பகுதியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ரப்பர் பால் உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட் பலர் வீட்டில் இருக்கும். அது சாயத்தை எடுக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துத்தநாகம் ஆசிட்டில் கரையும். சாயத்துக்குக் கீழே கதவுக் கோடும் விளக்கு வளையமும் முதலில் மழுங்கும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். துத்தநாகமும் அலுமினியமும் காரத்திலும் கரைபவை, கருத்துப்போய்க் குமிழி விடும். வினிகர்கூட வண்டி உடலுக்கு ஆகாது. கழற்றியெடுத்த சக்கரத்தின் இரும்பு அச்சின் துருவைப் போக்க மட்டும் ஓர் இரவு ஊற வைக்கலாம்.

உரித்த உடலை அன்றைக்கே பிரைமருக்கு (அடிப்பூச்சுக்கு) கொண்டுபோக வேண்டும். வெறும் துத்தநாகத்தை ஈரக் காற்றில் போட்டுவைத்தால் வெள்ளைப் பூச்சு படியும், விரல் பட்ட இடத்தில் இன்னும் சீக்கிரம் படியும். நான்கு பூஜ்ய இரும்புக் கம்பளியால் மெருகேற்றி, சோப்பு நீரில் கழுவி, முடி உலர்த்தியால் மூலைகளை ஊதி உலர்த்தி, அதன் பிறகு கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இனி ஸ்பிரே. வெளுப்பு ஏன் வருகிறது? லாக்கர் எனும் சீக்கிரம் உலரும் சாயத்தில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகிறது. பரப்பு குளிர்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அங்கே நுண்ணிய நீர்த்துளியாகப் படிந்து சாயத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. காலையில் 25 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 24 டிகிரிக்கு இறங்கினாலே நீர் விடும். அதாவது ஒரு டிகிரி குளிர்ந்தால் போதும். நடுப்பகலில் 32 டிகிரி, 60 விழுக்காடு. அப்போது நீர் படிய 23 டிகிரிக்கு இறங்க வேண்டும், ஒன்பது டிகிரி இடைவெளி. காற்றில் இருக்கும் நீர் இரண்டு வேளையும் ஏறக்குறைய ஒன்றுதான். வெயில் நமக்குக் கொடுப்பது அந்த ஒன்பது டிகிரியைத்தான்.

ஆகவே நேரம் காலை பதினொன்றிலிருந்து மதியம் இரண்டு வரை. மூன்று மணிக்குமேல் மேகம் கட்டத் தொடங்கினால் டின்னைக் கீழே வைத்துவிடுங்கள். பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் வாக்கில் பகல் மழை அதிகம் என்பதால் அந்த மாதங்களைப் பிரிக்கிற வேலைக்கும் சக்கர வேலைக்கும் ஒதுக்குவது நல்லது. அடிப்பதற்கு முன் வண்டி உடலை முடி உலர்த்தியால் கை பொறுக்கும் சூட்டுக்கு ஏற்றுங்கள். டின்னைக் கை பொறுக்கும் வெந்நீரில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். கொதிநீரும் அடுப்பும் வேண்டாம், வெடிக்கும். ஏர்கோன் அறையில் இருந்த வண்டியை நேரே வெளியே கொண்டுவந்தால் கண்ணாடிக் குவளை போல வியர்க்கும். அரை மணி நேரம் வெளியே இருந்த பிறகு அடியுங்கள்.

வெறும் உலோகத்துக்கு, பரப்பை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் தேவை. சாதாரண பிரைமர் வழவழப்பான துத்தநாகத்தைப் பிடிக்காது, பிறகு நகம் பட்டாலே உரியும். 20 செ.மீ. தூரத்தில் மெல்லியதாக இரண்டு பூச்சு, நடுவே பத்து நிமிடம். மறுநாள் 1000 எண் நீர்த்தாளால் லேசாகத் தேய்த்து, நிறத்தை மூன்று மெல்லிய பூச்சாக அடிக்கலாம். இங்கே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1/64 அளவில் 0.1 மி.மீ. சாயம், உண்மைக் காடியில் 6.4 மி.மீ. கனத்துக்குச் சமம். கதவு இடுக்கு மூடிப்போவது அதனால்தான். முதல் பூச்சில் உலோகம் மறைய வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது.

எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அடியிலிருப்பது சுருங்கி எழும்பும். லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம். பழைய வீட்டுச் சாயத்தை முழுக்க உரிக்காமல் மேலே லாக்கர் அடிப்பவர்களுக்குக் கிடைப்பது முதலை முதுகு. ஏர்பிரஷ் பயன்படுத்துவோர் 0.3 மி.மீ. மூக்கு, 18 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், ஒரு பங்கு லாக்கருக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு தின்னர் என்று தொடங்கலாம். மெதுவாக உலரும் லெவலிங் தின்னர் நம் ஊருக்கு ஏற்றது. பரப்பு சட்டென்று குளிராது. கம்ப்ரசர் தொட்டியில் சேரும் நீரை ஒவ்வொரு முறையும் இறக்கிவிட்டு, குழாயில் நீர்ப்பிடிப்பானும் போடுங்கள். இல்லையென்றால் பாதி வேலையில் ஏர்பிரஷ் தண்ணீரைத் துப்பும்.

அப்படியும் வெளுத்துவிட்டால் உரிக்க ஓடாதீர்கள். வெயில் ஏறிய பிறகு உடலைச் சூடாக்கி, லெவலிங் தின்னரை மட்டும் பனி போல ஒரு முறை தூவினால், மேல்தோல் இளகி ஈரம் வெளியேறும். ஒருநாளுக்குள் செய்தால் பெரும்பாலும் நிறம் திரும்பும்.

இரு நிற வண்டிக்கு மாஸ்கிங் டேப் வளைவில் நிற்காது. கடையில் விற்கும் திரவ மாஸ்க் பலவற்றுக்கு மூலப்பொருள் ரப்பர் பால்தான்! அம்மோனியா கலந்த பால் கிடைத்தால் தீக்குச்சியால் இரண்டு முறை தடவி, கண்ணாடி போலத் தெளிந்து உலர்ந்ததும் மேலே ஸ்பிரே அடித்துப் பிறகு உரித்தெடுக்கலாம். மரத்தில் பால் பிடிக்கும் மங்கிலிருந்து நேரே எடுத்த பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், சில மணி நேரத்தில் உறைந்தும் போகும். அக்ரிலிக் சாயத்தின் மேல் மட்டும் தடவாதீர்கள், அம்மோனியா அதை இளக்கும். தோட்டமெல்லாம் செம்பனையாகிவிட்ட இடத்தில் பால் தேடுவது சிரமம்; சிறுதோட்டக்காரர்களிடம் இன்னும் கிடைக்கிறது.

மேலே பூசும் 2கே கிளியரில் (இரு கூறுகளைக் கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சில்) ஐசோசயனேட் எனும் நுரையீரலுக்கு ஆகாத பொருள் இருக்கிறது. அறுவை முகக்கவசம் அதைத் தடுக்காது. ஆவி வடிகட்டும் குப்பி பொருத்திய கவசமும் காற்றோட்டமும் இல்லாமல் அதைத் திறக்காதீர்கள்.

கண்ணாடித் துண்டில் கீறல் இருந்தால் 2000 எண் நீர்த்தாள், பிறகு மெருகுப் பசை. திரும்ப ஒட்டும்போது சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், ஈரக் காற்றில் இன்னும் மோசம். வெள்ளைப் பசை போதும். சக்கர அச்சுக்கு, பழையதை வெர்னியர் அளவுகோலால் அளந்து அதே தடிப்பில் எஃகுக் கம்பி வெட்டிக்கொள்ளுங்கள்.

டிங்கி, கோர்கி பொம்மை வண்டிகளின் டயர்கள் ரப்பர். வெயிலும் ஓசோனும் பட்டால் வெடிக்கும். பளபளப்புக்காக வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவினால் ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும். சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டே போதும். பாகம் பாகமாக வாங்கி ஒட்டும் கிட் வண்டிகளின் மிருதுவான வினைல் டயர் வேறு விதத்தில் தொல்லை தரும். வினைலை மிருதுவாக்கக் கலந்த இளக்கி அதிலிருந்து கசிந்து, பிளாஸ்டிக் சக்கரத்தை உருக்கும். இடையில் ஒரு பூச்சு சாயமோ மெல்லிய அலுமினியத் தாளோ இருக்கட்டும்.

முடிந்த வண்டியின் அடித்தட்டு உள்பக்கம், மறுசாயம் அடித்த ஆண்டைச் சிறிதாக எழுதிவிட்டுப் பூட்டுங்கள். நாளை வாங்குபவர் அசல் என்று நம்பி ஏமாறக் கூடாது. ஒருவாரம் உலர விட்ட பிறகு, இறுக மூடும் பெட்டியில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் வைத்து 45, 50 விழுக்காட்டில் நிறுத்தப் பாருங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் எடுத்து உலர்த்த வேண்டும். பெட்டிக்குள் பஞ்சு நுரை வேண்டாம், நம் ஈரத்தில் சில வருடத்தில் பிசின் போலக் கரைந்து சாயத்தில் ஒட்டும். துணி அலமாரியில் அந்துருண்டையோடும் வைக்காதீர்கள், அதன் ஆவி கண்ணாடியையும் பிளாஸ்டிக் பாகங்களையும் இளக்கிவிடும்.