தேங்க்ஸ்கிவிங் நகரும், மான் நகராது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பனின் அலுவலகத்தில், நவம்பர் முதல் பாதிக்கான லீவெல்லாம் கோடைக்காலத்திலேயே பதிவாகிவிடுமாம். உடம்பு சரியில்லை, பாட்டி இறந்துவிட்டார் என்றெல்லாம் யாரும் கதை கட்ட வேண்டியதில்லை. 'ரட்' என்று ஒரு வார்த்தை போதும், மேனேஜர் தலையாட்டிவிடுவார். அந்த வாரம் அவரும் ஏதோ ஒரு மரத்தின் மேல்தான் உட்கார்ந்திருப்பார். வெள்ளைவால் மான்கள் இணைசேரும் பருவத்தைத்தான் அங்கே எல்லோரும் 'ரட்' என்கிறார்கள்.

போனில் இதைக் கேட்டுச் சிரித்தவன், நவம்பர் முதல் வாரத்தில் அங்கே போய் இறங்கினேன். துப்பாக்கி தூக்கும் ஆசையெல்லாம் கிடையாது. பைனாகுலர் கையில் இருந்தால் போதும், பரணில் ஓரமாக ஓர் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. நண்பனின் வீட்டுக்காரருடைய அண்ணன் விரோக்வா பக்கத்தில் பால்பண்ணை வைத்திருந்தவர். மாடுகளை விற்றுவிட்டு இப்போது சோளமும் சோயாவும் போடுகிறார். "சும்மா பார்க்கத்தானே, வரட்டும். ஆனால் இருமல் இருந்தால் வேண்டாம்" என்றாராம்.

மேடிசனிலிருந்து 14-ஆம் எண் நெடுஞ்சாலை. மசோமேனி, ஸ்ப்ரிங் கிரீன், ரிச்லேண்ட் சென்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சிற்றூர்கள். விஸ்கான்சினின் பெரும்பகுதியைப் பனிப்பாறைகள் தேய்த்துச் சமமாக்கிவிட்டுப் போயிருக்கின்றன. இந்தத் தென்மேற்கு மூலையை மட்டும் அவை தொடவில்லை. ட்ரிஃப்ட்லெஸ் என்று அதற்குப் பெயர். அதனால் ரோடு ஒழுங்காகவே போகாது. ஏறும், இறங்கும், திரும்பும். முகட்டிலும் பள்ளத்திலும் சோளக்காடு, நடுச்சரிவில் ஓக் மரங்கள். தீனியும் ஒளிவதற்கு இடமும் கூப்பிடு தூரத்தில். மானுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள். சாயங்காலம் ஐந்துக்கு முன்பே சூரியன் போய்விட்டது. சாலையோரத்தில் அடிபட்டுக் கிடந்த மான்களை முதலில் எண்ணிக்கொண்டு வந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். மானும் வண்டியும் மோதுவது அங்கே நவம்பரில்தான் உச்சம். கிடாக்கள் ரோட்டைப் பார்க்காமல் ஓடும் காலம் அது. போதாததற்கு, அவை நடமாடும் அந்தி நேரத்துக்குள் ஆபீஸ் விட்டு வரும் கூட்டத்தையும் கடிகாரம் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. ரிச்லேண்ட் சென்டர் தாண்டியதும் ஒரு பெண் மான் வெளிச்சத்தில் பாய்ந்து குறுக்கே போனது. நண்பன் வண்டியைத் திருப்பவில்லை, நேராகப் பிரேக் மட்டும் பிடித்தான். போய்விட்டதே, கிளப்புடா என்றேன். "இரு மச்சான், பின்னாடி ஒண்ணு வரும்." வந்தது. தரையில் மூக்கை உரசியபடி, ஹெட்லைட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கழுத்து பெருத்த ஒரு கிடா. மூக்குக்கு முன்னால் இருந்த அந்த வாசனைக் கோட்டைத் தவிர அதற்கு உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

மறுநாள் மத்தியானம் பெரியவர் தன் காட்டைச் சுற்றிக் காட்டினார். முதலில் ரப். மணிக்கட்டுப் பருமனுள்ள மரங்களில் முழங்கால் உயரத்தில் பட்டை உரிந்து, உள்மரம் வெளிறித் தெரிந்தது. கொம்பையும் நெற்றியையும் தேய்த்து வைத்த அடையாளம். அடுத்தது ஸ்க்ரேப். அதன் அருகே நான் மண்டிபோட்டே உட்கார்ந்துவிட்டேன். வயலோரத்தில் ஒரு ஓக் கிளை நெஞ்சு உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது. நுனி மென்று நாராகிக் கிடந்தது. அதற்கு நேர்கீழே, சருகெல்லாம் ஒதுங்கி, இரண்டடி அகலத்துக்குக் கறுப்பு மண். கிடா முதலில் கிளையை மெல்லும், கண்ணோரச் சுரப்பியை அதில் தேய்க்கும், முன்னங்காலால் தரையைச் சுரண்டும், கடைசியில் பின்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கணுவில் இருக்கும் சுரப்பி மயிர் நனைய மூத்திரம் விடும். அந்த மண்ணில் ஒரு குளம்படி அப்படியே பதிந்திருந்தது. அதற்குள் சிறுநீர் இன்னும் ஈரமாக இருந்தது. வாடை? கிடாய்ப் பட்டிக்குள் நுழைந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பக்கத்து மரத்தில் கேமரா கட்டியிருந்தார். படங்களைப் பார்த்தால், வந்துபோனவை பெரும்பாலும் நடு இரவில்தான். "பகலில் வரத் தொடங்கினால், காரியம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்" என்றார்.

எப்போது ஆரம்பிக்கும் என்றுதான் இரவுச் சாப்பாட்டு மேஜையில் பெரிய வழக்கு. பெரியவர் கட்சி பௌர்ணமி. அவர் மகன் கட்சி குளிர்: கனடாவிலிருந்து ஒரு வாடைக்காற்று இறங்கினால்தான் ரட் கிளம்புமாம். இந்த வருடம் சீக்கிரம் வந்துவிட்டது, போன வருடம் தள்ளிப்போனது, அதற்கு முந்தைய வருடம் வரவே இல்லை என்று ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரலாறு வைத்திருந்தார்கள். மருமகள் இதையெல்லாம் பலமுறை கேட்ட முகத்தோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. விருந்தாளி. ஆனால் படித்த அளவில் இரண்டு கட்சிக்கும் சாட்சி பலமில்லை. இலையுதிர்காலத்தில் பகல் குறையக் குறைய, கண் வழியாக அந்தச் செய்தி மூளைக்குப் போய், மெலடோனின் கூடி, மற்ற ஹார்மோன்களைத் தட்டி எழுப்புகிறது. பகலின் நீளம் வருடாவருடம் மாறுவதில்லை, அதனால் தேதியும் மாறுவதில்லை. ரோட்டில் அடிபட்ட பெண் மான்களின் வயிற்றிலிருக்கும் கருவை அளந்து, சினைபிடித்த நாளைப் பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தால் வடக்கு மாநிலங்களில் உச்சம் வருடம் தவறாமல் நவம்பர் நடுப்பகுதியையொட்டியே விழுகிறது, நிலா எங்கே இருந்தாலும் சரி. கழுத்தில் ஜிபிஎஸ் கட்டி விட்ட மான்களிலும் நிலாவின் கைவரிசை பெரிதாகத் தெரியவில்லை.

காரணம் நவம்பரில் இல்லை, மே மாதத்தில் இருக்கிறது. வெள்ளைவால் மானுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 200 நாள். நவம்பர் இரண்டாம் வாரத்தில் சினையானால் மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில் குட்டி. பனி போய், புல் தழைத்து, தாய்க்குப் பால் ஊறும் நேரம். முன்னாலே பிறந்தால் குளிரில் போகும், பிந்திப் பிறந்தால் அடுத்த குளிருக்குள் உடம்பு தேறாது. ஒரு பெண் மான் பருவத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரு நாள்தான். அதில் சினைபிடிக்காவிட்டால் நான்கு வாரம் கழித்து மறுபடியும் வரும். டிசம்பரில் 'இரண்டாவது ரட்' என்று வேட்டைக்காரர்கள் சொல்வது அதைத்தான்.

குளிர்க் கட்சியை மட்டும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. நவம்பருக்குள் மான்களுக்குக் குளிர்கால மயிர் அடர்ந்து வளர்ந்துவிடும். பகலில் வெயில் அடித்தால் கிடா நிழலில் கிடந்துவிட்டு இரவில் துரத்தும். ரட் நடக்கும், பரணில் இருப்பவர் கண்ணில் படாது. அவர் காப்பியைக் குடித்துவிட்டு, இந்த வருடம் தள்ளிப்போய்விட்டது என்பார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டார்கள். வயலோரத்தில் பலகை அடித்த பரண், இரண்டு நாற்காலி. தரையெல்லாம் வெள்ளையாக உறைபனி. சூரியன் உதிப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்துதான் எய்யலாம் என்பது சட்டம். பெரியவர் போனில் நேரத்தைப் பார்த்துவிட்டு வில்லை மடியில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் அணில்தான். ஒரு சாம்பல்நிற அணில் சருகில் நடக்கும் சத்தம் யானை நடப்பதாகக் கேட்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் சரிவிலிருந்து ஒரு பெண் மான் அறுத்த சோளத்தட்டைக்குள் இறங்கி, நாலடி ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தது. பின்னாலேயே பன்றி உறுமுவதைப் போலக் குட்டைக் குட்டையாக ஒரு சத்தம். எட்டுக் கிளைக் கொம்போடு கிடா வந்தது. அவள் நின்று மூத்திரம் விட்ட இடத்தில் மூக்கை வைத்து, தலையை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி அப்படியே நின்றது. நம் ஊர் ஆட்டுக்கிடா செய்யும் அதே வேலை. வாய்க்குள் மேலண்ணத்தில் இருக்கும் உறுப்பு வழியாக அவள் தயாரா இல்லையா என்று பார்க்கிறது. இன்னும் இல்லை போல. அவள் விலகினாள், அது துரத்தியது, வயலை இரண்டு சுற்று சுற்றி இரண்டும் மறுசரிவில் மறைந்தன. எழுபது கஜத்துக்குக் கிட்டே வரவே இல்லை. முப்பதுக்கு மேல் எய்வதில்லை என்பது பெரியவர் கொள்கை. வில்லைத் தொடாமலே உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அடுத்த சில நாட்கள் காடு காலி. மகனுக்கு எரிச்சல், ரட் முடிந்தது என்றார். உண்மையில் அதுதான் உச்சம். பெண் மான்கள் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வரும்போது, ஒவ்வொரு கிடாவும் ஒருத்தியோடு ஒரு புதருக்குள் ஒதுங்கி, ஒன்றிரண்டு நாள் நகராமல் கிடக்கும். சாப்பாடுகூட இரண்டாம்பட்சம்தான், பருவம் முடிவதற்குள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுவது சாதாரணம்.

காடு காலியாக இருந்ததில் எனக்கு லாபம். கிக்கபூ ஆற்றுப் பக்கம் லாஃபார்ஜுக்குப் போய்வந்தோம். 1962-இல் அனுமதி கொடுத்த அணைத் திட்டத்தை 1975-இல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதற்காகப் பண்ணைக்காரர்களிடமிருந்து எடுத்த நிலம் இன்று ஹோ-சங்க் பழங்குடியினரும் சேர்ந்து நிர்வகிக்கும் காடு. ஆற்றை ஒட்டி மொட்டைக் கான்கிரீட் கோபுரம் மட்டும் நிற்கிறது, சுற்றிலும் மான் தடம்.

துப்பாக்கி சீசனுக்கும் நான் அங்கேதான் இருந்தேன். ஒன்பது நாள். அதிகாலை நான்கு மணிக்குப் பெட்ரோல் பங்கில் காப்பிக்கு வரிசை, எல்லாம் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. இடுப்புக்கு மேல் வெளியுடையில் பாதியாவது அந்த நிறத்தில் இருக்க வேண்டும். 2016 முதல் பளிச் இளஞ்சிவப்பும் செல்லும். மனிதக் கண்ணுக்கு அடிக்கும் இந்த ஆரஞ்சு மானுக்கு மங்கலாகத்தான் தெரியும், ஜீன்ஸ் நீலம்தான் அதற்குத் தெளிவு. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வாரத்தில் காட்டுக்குள் இறங்குகிறார்கள்.

இந்த இடத்தில்தான் மேஜை வழக்கு எனக்குப் புரிந்தது. விஸ்கான்சினில் துப்பாக்கி சீசன் தொடங்குவது தேங்க்ஸ்கிவிங்கிற்கு முந்தைய சனிக்கிழமை. அந்தப் பண்டிகை நவம்பரின் நான்காம் வியாழன். ஆகவே தொடக்கம் 17-ஆம் தேதியிலிருந்து 23-க்குள் எங்கு வேண்டுமானாலும் விழும். 2018-இல் 17. அடுத்த வருடமே ஒரேயடியாக 23-க்குப் போய்விட்டது. 17 என்றால் கிடாக்கள் இன்னும் பகலில் அலையும், 23 என்றால் களைத்துப் படுத்திருக்கும். 2019 தொடக்க வாரயிறுதியில் விழுந்த மான்கள் முந்தைய வருடத்தைவிடக் கால்வாசிக்கும் மேல் குறைவு. ரட் தள்ளிப்போனது என்று பேசினார்கள். தள்ளிப்போனது சனிக்கிழமை! பக்கத்து மிஷிகனில் இந்தத் தொல்லை இல்லை, என்ன கிழமையானாலும் நவம்பர் 15 என்று வைத்துவிட்டார்கள். எனக்கு விஸ்கான்சின் ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது. பெரும்பாலான பெண் மான்கள் சினையான பிறகு துப்பாக்கி வருகிறது. உச்சத்தின் நடுவே, புத்தி மூக்கில் இருக்கும் கிடாவைச் சுடுவதில் பெரிய சாமர்த்தியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெரியவரிடம் இதைச் சொன்னபோது மட்டும் அவர் முகம் சுருங்கியது.

அவர் மகன் மூன்றாம் நாள் ஒரு பெண் மானைச் சுட்டார். இறைச்சியை வெட்டிப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வைத்தார்கள், சமைக்கவில்லை. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் எண். 2002-இல் மவுண்ட் ஹோரெப் பக்கத்து மான்களில், மூளையைச் சிதைத்துக் கொல்லும் ஒரு நோய் இருப்பது தெரியவந்தது. க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ், சுருக்கமாக சிடபிள்யூடி என்பார்கள். அதிலிருந்து மானின் நிணநீர் முடிச்சைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திருப்பது அந்த வட்டாரத்தில் பழகிவிட்டது. வளர்ந்த கிடாக்களில்தான் நோய் அதிகம்.

எல்லா இடத்திலும் நவம்பர் என்று நினைத்துவிடாதீர்கள். இதே வெள்ளைவால் மானுக்கு அலபாமாவின் பல பகுதிகளில் ஜனவரியில்தான் ரட், தெற்கு ஃபுளோரிடாவில் ஜூலை, ஆகஸ்ட். குளிர் கொல்லாத ஊரில் தேதி இறுக்கமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முதுமலைக்குப் போனால் ஒரே புள்ளிமான் கூட்டத்தில் முற்றிய கொம்புக் கிடாவும், தோல் போர்த்த இளங்கொம்புக் கிடாவும் பக்கத்தில் பக்கத்தில் மேயும். அங்கே இப்படி லீவு போட வழியே இல்லை.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: நவம்பர் 5 முதல் 15-க்குள் போங்கள், குளிர்ந்த காலைப்பொழுதாகப் பார்த்து. கிக்கபூ காட்டிலும் வேட்டைக்கு அனுமதி உண்டு, சும்மா நடக்கிறவர்களும் ஆரஞ்சு தொப்பி போட்டுக்கொள்வது நல்லது. 2026-இல் துப்பாக்கி சீசன் நவம்பர் 21-இல் தொடங்குகிறது. என் நண்பன் வில்வேட்டைக்கே போவதாக இருக்கிறான். 1973-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும் என்பதால் அதற்குப் பெயர் கொடுத்துவிட்டான். வேட்டைக்கு முதல் நாளாக நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து வைத்திருக்கிறான். அன்றைக்குத்தான் தீபாவளி என்பதை அவன் மனைவி காலண்டரில் காட்டியிருக்கிறாள், பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.