முடிவு வராத சாட்சி

சபையில் சாட்சி சொல்லும் நேரம் எனக்கு எப்போதுமே பிடிக்கும். வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது, வருஷக்கணக்கில் காத்திருந்து குழந்தை பிறந்தது என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்லும்போது மனசு நிறைந்து ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் ரொம்ப நாளாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாம் கேட்கிற சாட்சிகள் எல்லாமே நல்லபடியாக முடிந்துபோன கதைகள். வியாதி வந்தது, ஜெபித்தோம், போய்விட்டது. கடன் இருந்தது, ஜெபித்தோம், அடைந்துவிட்டது. இன்னும் போகாத வியாதியோடும் இன்னும் அடையாத கடனோடும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் மைக் போவதே இல்லை, அவர்களும் கேட்பதில்லை. "எல்லாம் அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் கர்த்தர் நல்லவர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் யாராவது ஆமென் சொல்வார்களா என்ற தயக்கம் அவர்களுக்கு.

அந்தக் கடைசி வரிசையில்தான் நானும் என் கணவரும் இருக்கிறோம். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். நிலைமை மாறவில்லை. ஆனால் நாங்கள் தோற்றுப்போனவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அதை முழு மனதோடு சொல்லத்தான் இந்தப் பதிவு.

"முற்றும் ஜெயங்கொள்ளுகிறவர்களாயிருக்கிறோமே" என்ற வசனத்தை எல்லாருக்கும் தெரியும், ரோமர் 8:37. காலண்டரிலும் கார் கண்ணாடியிலும் அந்த ஒரு வரி மட்டும்தான் இருக்கும். அதற்கு முந்தின இரண்டு வசனங்களை யாரும் ஸ்டிக்கர் அடிப்பதில்லை. 35ஆம் வசனத்தில் பவுல் ஒரு பட்டியல் போடுகிறார்: உபத்திரவம், வியாகுலம், துன்பம், பசி, நிர்வாணம், நாசமோசம் (ஆபத்து), பட்டயம் (வாள்). அடுத்த வசனத்தில் 44ஆம் சங்கீதத்திலிருந்து, அடிக்கப்படும் ஆடுகளைப்போல எண்ணப்படுகிறோம் என்று எடுத்துச் சொல்கிறார். இதையெல்லாம் சொல்லி முடித்த கையோடுதான் ஜெயம் என்கிறார். பசி தீர்ந்தபிறகு, பட்டயம் உறைக்குள் போனபிறகு என்று எதுவும் சொல்லவில்லை. பசித்திருக்கிறவனும் வெட்டப்படப்போகிறவனும் ஜெயங்கொள்ளுகிறவர்கள், காரணம் கிறிஸ்துவின் அன்பைவிட்டு எதுவும் அவர்களைப் பிரிக்க முடியாது, அவ்வளவுதான் அவர் வாதம்.

இதை அவர் வசதியாக உட்கார்ந்துகொண்டு எழுதவில்லை. 2 கொரிந்தியர் 11ஐ வாசித்துப் பாருங்கள். ஒன்றுகுறைய நாற்பதடி ஐந்துதரம், மிலாறுகளால், அதாவது பிரம்புகளால், அடி மூன்றுதரம், ஒருதரம் கல்லெறி, கப்பற்சேதம் மூன்றுதரம். அந்த அதிகாரம் எதில் முடிகிறது என்பதைத்தான் நான் அடிக்கடி யோசிப்பேன். தமஸ்குவில் தன்னைப் பிடிக்க ஆள் வைத்திருந்தபோது, ஒரு கூடையில் உட்காரவைத்து ஜன்னல் வழியாக மதிலுக்கு வெளியே இறக்கிவிட்டார்கள் என்று எழுதி முடிக்கிறார். பெருமைப்படுவதானால் என் பலவீனத்தைக்குறித்துப் பெருமைப்படுவேன் என்று சொல்லிவிட்டு அவர் எடுத்துக் காட்டுகிற சம்பவம் இதுதான், இருட்டில் கயிறு கட்டி இறக்கப்பட்ட ஒரு கூடை. அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் நேர்ந்த உபத்திரவத்தில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்றும் ஒளிக்காமல் எழுதுகிறார்.

எபிரெயர் 11க்கு வருவோம். விசுவாச வீரர்களின் அதிகாரம் என்று பிரசங்கிக்கப்படுவது. 34ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே சிலர் பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள். மூன்று வசனம் தள்ளி, 37இல், வேறு சிலர் பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு விசுவாசம் கொஞ்சம் குறைந்துவிட்டது என்று அங்கே எங்குமே இல்லை. 39ஆம் வசனம் இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்று இரண்டு கூட்டத்தையும் சேர்த்தே முடிக்கிறது. இதை வாசித்தபிறகும் "உங்க விசுவாசத்தில ஏதோ குறை இருக்கு, இல்லன்னா இதுக்குள்ள சுகமாகியிருக்கணும்" என்று ஒரு நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ.

சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்களிடமும் சொன்னார்கள். அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கும், முன்னோர் சாபம் இருக்கும், உபவாசம் போதாது என்று. எல்லாவற்றையும் இழந்து வியாதியோடு உட்கார்ந்திருந்த யோபுவிடம் அவன் சிநேகிதர்களும் இதையேதான் சொன்னார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம், வந்ததும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். வாயைத் திறந்தபிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்கள்மேல்தான் கோபப்படுகிறார். யோவான் 9இல் பிறவிக்குருடனைப் பார்த்ததும் சீஷர்கள் இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு முடித்துவிட்டார். முடிந்துபோன கேள்வியை நாம் ஏன் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்? பவுலே தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் போதாது என்று சொல்ல யாருக்காவது தைரியம் இருக்கிறதா?

சரி, நிலைமை மாறாதபோது ஜெயம் என்பது பார்க்க எப்படி இருக்கும்? எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டயாலிசிஸ் செய்கிற கையில் ஃபிஸ்டுலா என்று ஒன்று வைத்திருப்பார்கள், தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்தது. அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் பாய்கிற அதிர்வு தெரியும். தினமும் காலையில் அந்த அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், நின்றுபோனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அவர் எழுந்ததும் முதலில் செய்வது அதுதான், மற்றக் கையின் இரண்டு விரலை அங்கே வைத்தபடியே அன்றைய ஜெபத்தை ஆரம்பிப்பார். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும், தாகம் தாங்காதபோது ஒரு ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள்வார். மெஷினில் நாலாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், சில நாள் பிரஷர் இறங்கி முகம் வெளுத்துவிடும். வீட்டுக்கு வந்தால் அன்று பூராவும் படுக்கைதான். இதற்கு நடுவில் அவர் கசந்துபோகவில்லை. நர்ஸ் ஊசி குத்தினதும் "தேங்க்ஸ் சிஸ்டர்" என்று சொல்வதை ஒரு நாளும் விட்டதில்லை. நான் பார்க்கிற ஜெயம் இது.

ஒரு நாள் பக்கத்துப் படுக்கையில் இருந்த பையன், வயசில் ரொம்பச் சின்னவன், இவர் கண்ணை மூடி ஜெபிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டான், "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, இவ்வளவு கும்பிடுறீங்களே, உங்க சாமி உங்களுக்கே ஏன் சரிபண்ணல?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தெரியல தம்பி. ஆனா ஒரு நாளும் என்னைத் தனியா விடல, அது மட்டும் தெரியும்" என்றார். அவன் மறுத்துப் பேசவில்லை. அடுத்த முறை வந்தபோது, "அண்ணே, எனக்கும் சேர்த்து வேண்டிக்குங்க" என்றான்.

பிலிப்பி சிறைச்சாலையைப் பற்றிக் கேட்கிற பிரசங்கங்களில் பூமியதிர்ச்சிதான் பெரிதாக வரும், கதவுகள் திறந்தன, கட்டுகள் கழன்றன என்று. அப்போஸ்தலர் 16:25ஐ அவசரப்படாமல் வாசித்தால், பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினபோது முதுகில் அடிபட்ட காயம் அப்படியே இருந்தது, கால்கள் தொழுமரம் என்ற மரக்கட்டையில் மாட்டியிருந்தன. காவலில் இருந்த மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றும் லூக்கா எழுதிவைக்கிறார். பூமி அதிர்ந்தது அடுத்த வசனத்தில்தான். கைதிகளுக்குச் சாட்சி கதவு திறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. விடுதலையான பிறகு பாடுவது யாராலும் முடியும்.

ஆனால் இதைச் சொல்லும்போது ஒரு பயமும் வருகிறது, துன்பத்தில் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று யாராவது எடுத்துக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு சபைக்கு வந்துபோவார்களோ என்று. அழுங்கள். சங்கீதப் புத்தகத்தில் எத்தனையோ சங்கீதங்கள் அழுகைதான். 88ஆம் சங்கீதம் ஒரு நம்பிக்கை வார்த்தைகூட இல்லாமல், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று முடிகிறது, அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார் தேவன். எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது கர்த்தர் அவனைத் திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்து, எழுந்திருந்து சாப்பிடு என்றார். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களே, குறிப்பாக உங்களுக்குச் சொல்கிறேன், சாப்பிடுங்கள், தூங்குங்கள், அது விசுவாசக்குறைவு ஆகாது. மாத்திரையும் அப்படித்தான், மனசுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையானாலும்.

மிஷனரி வரலாறுகளில் என்னை அதிகம் பிடித்துவைத்திருப்பது அதோனிராம் ஜட்சன். 1813இல் பர்மா போய்ச் சேர்ந்தார், முதல் ஆள் ஞானஸ்நானம் பெற ஆறு வருஷம் ஆனது, 1819. பிரிட்டனோடு போர் வந்தபோது 1824இல் உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். ராத்திரியில் விலங்கு போட்ட கால்களை மூங்கிலில் மாட்டி மேலே தூக்கிவிடுவார்களாம், தோளும் தலையும் மட்டும் தரையில் படும். அவர் மொழிபெயர்த்திருந்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை மனைவி ஆன் ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்து அவரிடம் சேர்ப்பித்தார். ஜட்சன் விடுதலையான பிறகு, 1826இல் ஆன் இறந்துபோனார், சில மாதங்களில் இரண்டு வயதுப் பெண்குழந்தையும் போனது. அதன்பின் அவர் உடைந்தேபோனார். காட்டுக்குள் ஒரு குடிசையில் தனியாக இருந்தார், தனக்கென்று ஒரு குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், கடவுளை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற அர்த்தத்தில் கடிதம் எழுதினார். அந்த மனுஷன்தான் மெல்ல மெல்ல எழுந்து 1834இல் பர்மிய வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்தார். இன்றைக்கும் அங்குள்ள கிறிஸ்தவர்கள் அதை வாசிக்கிறார்கள். குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜட்சனைத் தோற்றவர் என்று என்னால் எழுத முடியாது. காண முடியாத தேவனை அவர் விட்டுவிடவில்லை. தேவனும் அவரை விடவில்லை.

எனக்கும் ஜெபிக்க வராத நாட்கள் உண்டு. வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும் தெரியும், ஒன்றும் உள்ளே போகாது. அப்படிப்பட்ட நாட்களில் மாற்கு 2ஆம் அதிகாரத்தைத்தான் பிடித்துக்கொள்கிறேன். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு என்று இருக்கிறது. படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசினதாக அங்கே இல்லை. எனக்காகவும் அப்படிச் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு அக்கா ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும் காலையில் ஒரு வசனம் அனுப்புவார், கூட ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். "இப்ப எப்படி இருக்கார், ஏதாவது முன்னேற்றம் உண்டா" என்று கேட்காமல் இருப்பது எத்தனை பெரிய அன்பு என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

போதகர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுதல். சாட்சி நேரத்தில் ஒரு தடவையாவது, இன்னும் பதில் வராதவர்கள் யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேளுங்கள், பாஸ்டர். பேசி முடித்ததும் உடனே அவர்கள்மேல் கைவைத்துச் சுகத்துக்காக ஜெபிக்கப் போகாமல், முதலில் அவர்கள் சொன்ன சாட்சிக்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அதன்பின் ஜெபியுங்கள்.

சுகத்துக்காக நீங்கள் இன்னும் ஜெபிக்கிறீர்களா என்று என்னிடம் கேட்பார்கள். தினமும் ஜெபிக்கிறோம். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, அழைப்பு வந்தால் உடனே கிளம்பத் தேவையான காகிதங்களெல்லாம் ஒரு பையில் தயாராக இருக்கிறது. தானியேல் புத்தகத்தில், சிலையை வணங்காவிட்டால் அக்கினிச்சூளை என்று மிரட்டின ராஜாவுக்கு முன்னால் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ இரண்டையும் ஒரே மூச்சில்தானே சொன்னார்கள், நாங்கள் ஆராதிக்கிற தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், தப்புவிக்காமற்போனாலும் நாங்கள் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம் என்று. எங்கள் ஜெபத்திலும் இரண்டு பாதியும் உண்டு. முதல் பாதியை அவர் சொல்வார், இரண்டாவது பாதியை நான் சொல்வேன், சில நாள் மாற்றிச் சொல்வோம்.