திரைப்பட ரசனை வகுப்பு: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் குறிப்புகள்

பிப்ரவரி 17, 2025

முதல் வகுப்பு. பேராசிரியை சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு காட்சியை ஓட்டினார். கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள், கதை வேண்டாம் என்றார். முன்வரிசைப் பெண் "அவன் கோபமாக இருக்கிறான்" என்று வாசித்ததும், "கோபம் எங்கே தெரிந்தது? புருவத்திலா, பாதி முகத்தில் விழுந்த வெளிச்சத்திலா, கேமரா கீழேயிருந்து பார்த்ததிலா?" என்று குடைந்துவிட்டார். சுலபமாக மார்க் வாங்கலாம் என்று இந்தப் பாடத்தை எடுத்தவர்கள் பாவம்.

பிப்ரவரி 24

ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவின் பரிசோதனை. நடிகர் மொஸ்ஜூகினின் ஒரே முகத்தைச் சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினாராம். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று அவர் நடிப்பைப் புகழ்ந்தார்களாம். முகத்தை அசைக்காமலே பேர் வாங்குவது தமிழ் ஹீரோக்கள் சிலருக்கும் கைவந்த கலை.

மார்ச் 8

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில், ஆயாவோடு (என் பாட்டி) தமிழ்ப் படம். தம்பிக்குத் தமிழ் அரைகுறை. கீழே ஓடும் ஆங்கில எழுத்தைத்தான் படிக்கிறான், முகங்களைப் பார்ப்பதே இல்லை. சப்டைட்டிலை எடுத்துவிட்டேன். கத்தினான். அப்புறம் அவனாகவே, "இந்த மாமா பொய் சொல்றாரா?" என்று கேட்டான். சொல்லத்தான் செய்தார்; அவர் பேசும்போதெல்லாம் கேமரா அவர் விரல்களுக்குப் போனது. "பேசாம பாருங்க," என்றார் ஆயா. டர்பனில் இந்தியர்கள் கடை வைத்திருந்த கிரே ஸ்ட்ரீட் பக்கத்துத் தியேட்டர்களில் சினிமா பார்த்து வளர்ந்தவர். வெள்ளையர் தியேட்டருக்குள் இவர்களை விடாத காலம் அது.

மார்ச் 17

'கம் பேக், ஆப்பிரிக்கா', 1959. அமெரிக்கரான லயனல் ரொகோசின், இசையும் பயணமுமாக ஒரு படம் எடுப்பதாக அரசாங்கத்திடம் சொல்லிவிட்டு, ஜோகன்னஸ்பர்க்கில் நிறவெறியைப் படம்பிடித்திருக்கிறார். நாயகன் தொழில்முறை நடிகர் அல்ல. கறுப்பின மக்கள் வாழ்ந்த சோஃபியாடவுன் பகுதியை அரசு இடித்துக்கொண்டிருந்த நேரம். அந்தத் தெருக்களும் படத்தில் இருக்கின்றன.

ஒரு ஷெபீனில், அதாவது திருட்டுத்தனமாகச் சாராயம் விற்கும் வீட்டில், நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்த வசனம் மாதிரியே இல்லை. ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் புகுந்துவிடுகிறார். நடுவில் மிரியம் மக்கேபா வந்து பாடுகிறார். கதை நகரவே இல்லை, அந்தக் காட்சியை வெட்டியிருக்கலாம் என்றான் பின்வரிசைப் பையன். வெட்டுவதென்றால் நாயகன் வேலை பார்க்கும் வீட்டு எஜமானியம்மா திட்டும் காட்சிகளை வெட்டலாம், நடிப்பு மரக்கட்டை. வேலைக்கும், நகரத்தில் இருக்கத் தேவையான பாஸ் என்ற அனுமதிச் சீட்டுக்கும் நாள் முழுக்க யாரிடமாவது கைகட்டி நிற்கிற மனிதர்கள், இந்த ஒரு இடத்தில்தான் மனம் விட்டுப் பேசுகிறார்கள். அதை எப்படி வெட்டுவது? வராந்தாவிலும் சண்டை ஓயவில்லை. கட்டுரைக்கு ஷெபீன் காட்சியைத்தான் எடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.