தெளிவு வரும் வயது

நம் முன்னோர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறாகப் பகுத்தனர். மொரீசியஸில் எங்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும் கலந்த கோடை, அது கழிந்தால் மிதமான குளிர், அவ்வளவுதான். முன்பனிக்குரிய தை மாதத்தில், குவாட்ர் போர்னில் உள்ள கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்குக் காவடி எடுப்போர் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். இளமையில் குழப்பம், நடுவயதில் நிதானம், முதுமையில் தெளிவு என்று பெரியவர்கள் சொல்லிவைத்த கணக்கும் என் வாழ்க்கையோடு இப்படித்தான் பொருந்தாமல் நிற்கிறது.

எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது பதின்பருவத்தில்தான். 1977இல் இந்நாட்டில் இடைநிலைக் கல்வி இலவசமானது. அதற்கு முன், எங்களைப் போன்ற கரும்புத் தோட்டத் தொழிலாளர் வீடுகளில், மூத்த மகனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியபின் அடுத்து பிறந்த பெண்ணுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் தையல் ஊசிதான். கட்டணம் நீங்கியதும், படித்துத் தேறி வேலைக்குப் போவது என்ற ஒரே பாதை என் முன்னே விரிந்தது. அதில் என் விவேகத்தின் பங்கு சொற்பம். வேறு பாதை இல்லாததால்தான் அது அத்தனை நேராகத் தெரிந்தது.

நிதானம் வரவேண்டிய நாற்பது வயதில்தான் தரை ஆடியது. நான் கணக்கராக இருந்த ஆடைத் தொழிற்சாலை போன்றவை இங்கே செழித்ததற்கு, பணக்கார நாடுகள் பிற நாடுகளின் ஆடைகளுக்கு, இவ்வளவுக்கு மேல் இறக்குமதி கூடாது என்று விதித்திருந்த அளவு வரம்பும் ஒரு காரணம். 2005 தொடக்கத்தில் அது முடிவுக்கு வரும் என்பது பத்தாண்டுகளுக்கு முன்பே உடன்பாட்டில் எழுதப்பட்டிருந்தது. நாள் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தும், அந்த நாளுக்குப் பிறகு என்ன செய்வது என்று முதலாளிக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் சர்க்கரைக்குத் தந்துவந்த விலையைப் படிப்படியாக 36 சதவீதம் குறைக்கத் தொடங்கியது. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த என் கணவருக்கும் அதே கவலை வந்து சேர்ந்தது. ஆயினும் பிள்ளைகளுக்குப் படிப்பும் வீட்டுக்கடனும் இருந்ததால், கலங்கி உட்கார நேரமில்லை. கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டோம்.

முதுமைக்காவது எல்லைக்கோடு உண்டு என்று நினைத்திருந்தோம். 60 வயதானால் எல்லோருக்கும் அரசு ஓய்வூதியம் என்பது இங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அந்த வயதைப் படிப்படியாக 65 ஆக உயர்த்தப்போவதாக அறிவித்தார்கள். நான் அதற்குள் அந்த எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டேன். என் தங்கையோ இப்போது எந்த வயதை நம்பிக் கணக்குப் போடுவது என்று கேட்கிறாள்.

ஓய்வூதியம் வந்தும் எனக்குத் தெளிவு வரவில்லை. கடமைகள் முடிந்தபின் வழிகள் பெருகிவிட்டன. வழிகள் பெருகியதால் ஐயமும் பெருகிவிட்டது. வீட்டை விற்றுவிட்டுப் பிரான்சுக்கு வந்துவிடுங்கள் என்று மகன் தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்கிறேன். தட்டிக்கழிக்கிறேன் என்று அவன் குறைப்படுகிறான். எனக்கோ இந்த வயது தந்த வசதியாகவே அது படுகிறது. நான் இன்று முடிவெடுக்காவிட்டாலும் யாருடைய அடுப்பும் அணைந்துவிடப் போவதில்லை.